ராபர்ட் மைல்ஸின் ‘ட்ரீம்லேண்ட்’: 137 வேகத்தில் ஓடும் பாட்டு ஒருவரை எப்படி அமைதிப்படுத்தும்?

பஞ்சாலைத் தெரு (கேள்வி)

வணக்கம். கோவையில் பொறியியல் படிக்கிறேன். ஓய்வு நேரத்தில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் இசையமைத்துப் பழகுகிறேன். டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசைமீது ஆசை வந்தது. ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பத்தை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டு, பிரித்துப் பார்த்துப் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். கையில் கிடைத்தது 1996-இல் வந்த ராபர்ட் மைல்ஸின் ‘ட்ரீம்லேண்ட்’. அதில்தான் ‘சில்ட்ரன்’ இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அந்தப் பியானோ மெட்டைக் கேட்காதவர்கள் குறைவு.

மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, ஆல்பத்தில் பத்துப் பாடல்கள். ‘சில்ட்ரன்’ முதலில் ‘ட்ரீம் வெர்ஷன்’ என்று வருகிறது, ஒன்பதாவதாக ‘ஒரிஜினல் வெர்ஷன்’ என்று மறுபடியும் வருகிறது. ‘ஃபேபிள்’ இரண்டாவதாக ஒரு முறை, ஏழாவதாக ஒரு முறை. ஆக, மெட்டுகள் எட்டுதான். தட்டை நிரப்புவதற்காகச் செய்த வேலையா?

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இணையத்தில் எங்கே படித்தாலும் ஒரே கதை: இத்தாலியில் இரவு முழுக்க ஆடிவிட்டு விடியற்காலையில் கார் ஓட்டிப் போன இளைஞர்கள் விபத்தில் இறந்துகொண்டிருந்தார்கள், அவர்களை அமைதிப்படுத்தி அனுப்புவதற்காக மைல்ஸ் ஒரு மெதுவான பாட்டை அமைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 137 அடிகள் என்று காட்டுகிறது. இது மெதுவா? எழுதியவர்களில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லையா, அல்லது விற்பனைக்காகக் கட்டிவிட்ட கதையா?

மூன்றாவது, இதை டிரான்ஸ் என்று சொல்லலாமா? விடுதி அறைத் தோழன் இதை ஹோட்டல் லிஃப்ட்டில் போடும் இசை என்கிறான்.

ஸ்பீக்கர் பிரியன்

உங்கள் தோழன் பாதி சரி. ‘சில்ட்ரன்’ அருமை, ‘ஃபேபிள்’ பரவாயில்லை. மற்றவை எல்லாம் அந்த இரண்டின் நிழல்கள். அதே பியானோ, அதே வயலின் போர்வை, அதே அடி. ஒரு வெற்றிப் பாட்டு கையில் இருக்கும்போது கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தி ஆல்பம் கேட்பார்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நடந்ததுதான் இவருக்கும் நடந்தது. இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டு வேறு ஆல்பத்துக்குப் போங்கள்.

கார் விபத்துக் கதையைப் பொறுத்தவரை, ஒரு பாட்டு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்? நான் நம்பவில்லை.

அத்ரியாத்திக் கரை

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத வந்தேன். கதை கட்டுக்கதை இல்லை. அதில் ஒட்டிக்கொண்ட ‘மெதுவான’ என்பதுதான் தவறு. அதை நீங்கள் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தது எனக்கு மகிழ்ச்சி.

நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது இருப்பது சுவிஸில். தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், ரிமினி நகருக்குப் பக்கத்தில் இருந்தேன். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுவது, சனி இரவுகளில் ஒரு நடன விடுதியின் வாசலில் குளிரங்கிகளை வாங்கி வைத்து அடையாளத் துண்டுச்சீட்டு கொடுப்பது. விடுதியின் பெயர் வேண்டாம், சம்பளப் பாக்கியோடு முடிந்த உறவு அது.

அந்தக் கரையோரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரிமினி, ரிச்சோனே இரண்டும் கடற்கரை ஊர்கள். கோடையில் கடலுக்காகக் கூட்டம் வரும், குளிர்காலச் சனிக்கிழமைகளில் கிளப்புகளுக்காக வரும். ரிச்சோனேயில் கண்ணாடிப் பிரமிடு வைத்துக் கட்டிய ‘கொகோரிக்கோ’ 1989-இல் தொடங்கியது, ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றது. ஆட வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் அல்லர். பொலோனியா அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மிலான் முந்நூறுக்கு மேல். அவ்வளவு தூரத்திலிருந்தும் இளைஞர்கள் நாலு ஐந்து பேராக ஒரு சின்னக் காரில் அடைந்துகொண்டு வருவார்கள், இரவு முழுக்க ஆடுவார்கள், வெளிச்சம் வரும் நேரத்தில் அதே காரில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். ஞாயிறு தவறினாலும் திங்கட்கிழமைப் பத்திரிகையில் நசுங்கிய கார் ஒன்றின் படம் வந்துவிடும். ‘சனி இரவுப் படுகொலை’ என்றே அங்குள்ள பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கிளப்புகளை முன்னதாக மூடச் சொல்லிக் குரல் எழுப்பினார்கள், முதலாளிகள் எதிர்த்தார்கள். அந்த வாக்குவாதம் வருடக்கணக்கில் ஓடியது.

இப்போது நான் நின்ற மேசைக்கு வாருங்கள். இரவில் எனக்கு வேலை இரண்டு நேரங்களில்தான்: வரும்போது, போகும்போது. போகும் நேரம்தான் நரகம். டிஜே கடைசி வரை இரும்படி மாதிரி டெக்னோவை ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தி விளக்கைப் போட்டால், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் என் மேசையில் விழுவார்கள். துண்டை நீட்டும் கை நடுங்கும். கண் என்னைப் பார்க்கும், ஆனால் பார்க்காது. குளிரங்கியை இழுத்து எடுக்கும்போது சட்டைப்பையில் கார்த் திறப்பு கிலுங்கும். உடம்பு இன்னும் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், கால்கள் மட்டும் வெளியே போகும். அந்த நிலையில்தான் காரை எடுப்பார்கள். முதல் அரை மணி நேரம் வேகத்தில் ஆபத்து. பிறகு உடம்பு ஒரேயடியாக விழும்போது தூக்கத்தில் ஆபத்து.

1996-இன் தொடக்கத்தில் எங்கள் டிஜேயும் முடிவில் ‘சில்ட்ரன்’ போடத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த மாற்றம் இசையில் இல்லை, வரிசையில். அந்தப் பாட்டு ஓடும் ஏழெட்டு நிமிடங்களும் கூட்டம் ஒரே அலையாக வராமல் ஐந்து, பத்துப் பேராகப் பிரிந்து வந்தது. சிலர் ஆடிக்கொண்டே இருந்தார்கள், சிலர் நின்றார்கள், சிலர் பேசினார்கள். மேசைக்கு வந்தவர்கள் ‘கிராட்சியே’ என்று நன்றி சொன்னார்கள். அதற்கு முன் எனக்கு யாரும் நன்றி சொன்னது கிடையாது.

ஆடும் கூட்டத்தின் அடியைத் திடீரென்று குறைத்தால் கூட்டம் அமைதியாகாது, எரிச்சல்தான் படும். கூக்குரல் எழும், ‘இன்னும் ஒன்று’ என்று மேடையைத் தட்டுவார்கள். மைல்ஸ் பல வருடம் கிளப்புகளில் தட்டு ஓட்டியவர், இது அவருக்குத் தெரியும். ஆகவே அவர் காலுக்கு வேண்டிய அடியை அப்படியே விட்டுவைத்தார். மேலே இருப்பதைத்தான் மாற்றினார். கத்தும் சின்தசைஸர் இருந்த இடத்தில் பியானோ. சுரங்கள் எதிரொலியோடு கரைந்து நீளும். கால் 137-இல் ஓடுகிறது, காது அதில் பாதி வேகத்தில் நடக்கிறது. சில நிமிடங்களில் காலும் காதின் சொல்லைக் கேட்கும். நீங்கள் மென்பொருளில் பார்த்தது, அடிக்கு அடி ‘தும்’ என்று விழும் கிக் டிரம்மின் வேகம். பியானோவின் வேகத்தைத் தனியாகப் பாருங்கள்.

ஸ்பீக்கர் பிரியன் ஐயா கேட்டதும் நியாயமான கேள்விதான். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நோக்கம் இருந்ததா என்பது வேறு கேள்வி. அதை மைல்ஸே சொல்லியிருக்கிறார். அதிகாரிகளும், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அந்த முயற்சியை வரவேற்றார்கள்.

அவர் சொன்ன இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய தந்தை மனிதாபிமானப் பணிக்காக முன்னாள் யூகோஸ்லாவியாவுக்குப் போய்வந்தபோது போரில் சிக்கிய பிள்ளைகளின் படங்களைக் கொண்டுவந்தாராம். அந்தப் படங்கள் தந்த பெயர்தான் ‘சில்ட்ரன்’. மைல்ஸ் வளர்ந்தது உதினே நகருக்கு அருகில் ஃபகாஞா என்ற ஊரில். அங்கிருந்து ஸ்லோவேனிய எல்லை கூப்பிடு தூரம். போர் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. நான் அதை மறுக்கவில்லை. ஆனாலும் அதை இசைக்குள் தேடிக் கண்ணீர் விடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. என் அம்மாவும் தங்கையும் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் தொலைபேசி அட்டைகளைத் தீர்த்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில்தான் இந்தப் பாட்டைச் சனிதோறும் கேட்டேன். அதில் எனக்குப் போர் கேட்கவில்லை. வீட்டுக்குப் பத்திரமாகப் போ என்று ஒருவர் சொல்வதுதான் கேட்டது.

முடிந்தால் கறுப்பு வெள்ளையில் எடுத்த காணொளியைப் பாருங்கள். ஒரு சிறுமி காரின் பின் இருக்கையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே போகிறாள். இலண்டன், பாரிஸ், ஜெனீவா, நாட்டுப்புறச் சாலைகள். கார் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதிலும் மோதவில்லை. அவ்வளவுதான் கதை.

சுருதிப்பெட்டி

அத்ரியாத்திக் கரை அண்ணா சொன்னதற்கு இயந்திரப் பக்கத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன். நான் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன், பழைய தட்டுகளைச் சேர்க்கும் பைத்தியமும் உண்டு.

அன்றைய டிஜேக்கள் கையில் இருந்தது பெரும்பாலும் டெக்னிக்ஸ் 1200 வகைத் தட்டுச்சுழலி. அதன் வலப்பக்கம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நழுவுவிசை இருக்கும். அது மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம்தான் போகும். 137-இல் ஓடும் தட்டை அடிவரை இழுத்தாலும் 126-க்குக் கீழே வராது. உண்மையிலேயே மெதுவான ஒரு பாட்டை, தொண்ணூறோ நூறோ அடி உள்ளதை, முந்தைய தட்டோடு அடி பிசகாமல் கலக்க வழியே கிடையாது. நிறுத்திவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அண்ணா சொல்லிவிட்டார். ஆகவே ஆட்டத்தை முடித்துவைக்கும் தட்டு முந்தைய தட்டின் வேகத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மெதுவான பாட்டாக இருந்திருந்தால் அது அந்த வேலைக்கு உதவியே இருக்காது. தம்பியின் 137 கதையைப் பொய்யாக்கவில்லை, மெய்யாக்குகிறது.

ஒரே பாட்டு இரண்டு முறை வருவது பற்றி: இதை ஆல்பம் என்ற கண்ணோடு பார்த்தால் குறையாகத் தெரியும். கிளப் இசையின் அடிப்படை அளவு ஆல்பம் அல்ல, பன்னிரண்டு அங்குலத் தட்டு. ஒரே மெட்டை மூன்று, நான்கு அமைப்புகளில் வெட்டி ஒரு தட்டில் தருவார்கள். ஒன்று ஆட்டத்தின் நடுவில் போட, ஒன்று முடிவில் போட, ஒன்று வானொலிக்கு. ‘சில்ட்ரன்’ முதலில் இத்தாலியில் 1995 ஜனவரியில் இத்தாலிய டிஜே ஜோ வனெல்லியின் டிபிஎக்ஸ் நிறுவன வெளியீடாக ‘சவுண்ட்டிராக்ஸ்’ என்ற சிறுதொகுப்பில் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. வனெல்லி அதை மயாமிக்குக் கொண்டுபோய் ஒரு கிளப்பில் போட, பிளாட்டிபஸ் இசை வெளியீட்டு நிறுவனத்தின் சைமன் பெர்ரி காதில் விழ, அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்து, 1996-இல் ஐரோப்பாவின் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் இரண்டாம் இடம். ஆல்பம் அதன் பிறகு கோடையில் வருகிறது. வீட்டில் கேட்பவர்கள் பன்னிரண்டு அங்குலத் தட்டு வாங்க மாட்டார்கள் என்பதால் இரண்டு அமைப்புகளையும் ஆல்பத்திலேயே வைத்துவிட்டார்கள். ஸ்பீக்கர் பிரியன் சொன்ன அவசரமும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் படிக்க வந்த மாணவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஒரே மெட்டு, இரண்டு கட்டுமானம். இரண்டையும் மென்பொருளில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துக்கொண்டு, கிக் எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது, பியானோ எங்கே தனித்து நிற்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, இதை டிரான்ஸ் என்று சொல்லலாமா என்பதற்கு, என் பதில் முழு ‘ஆம்’ இல்லை. டிரான்ஸ் பிறந்தது ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டிலும் பெர்லினிலும். ஜாம் அண்ட் ஸ்பூன், காஸ்மிக் பேபி போன்றவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே முழு ஆல்பங்கள் போட்டுவிட்டார்கள். ஜெர்மன் டிஜே பால் வான் டைக்கின் முதல் ஆல்பம் ‘45 ஆர்பிஎம்’ 1994-இல் பெர்லினின் எம்எஃப்எஸ் நிறுவன வெளியீடாக வந்தது. அவற்றில் ஒரு ஏற்றம் இருக்கும். சிறு ஒலித்துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வந்து, அதன் நிறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். ஆடுபவரை எங்கோ தூக்கிக்கொண்டு போவதுதான் அதன் குறி. இத்தாலியர்கள் அதன் அடியையும் இழைகளையும் எடுத்துக்கொண்டு, துணுக்கு இருந்த இடத்தில் முழு மெட்டை வைத்தார்கள். அதற்கு ‘ட்ரீம் ஹவுஸ்’ என்றும் ‘ட்ரீம் டிரான்ஸ்’ என்றும் பெயர். சீராகத் தூக்குவதைவிட மெல்ல இறக்குவதில்தான் அதற்கு அக்கறை. டிரான்ஸ் குடும்பம்தான், சந்தேகம் இல்லை. ஆனால் குடும்பத்தின் தலைமகன் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று டிரான்ஸ் என்றதும் காதில் விழும் அந்த அகன்ற, ஊசி ஊசியான சின்தசைஸர் ஒலி, ரோலண்ட் ஜேபி-8000 என்ற சின்தசைஸர் பரவிய பிறகு வந்தது. ‘ட்ரீம்லேண்ட்’ அதற்கு முந்தையது. ஆகவே அதில் அந்த ஒலியைத் தேடாதீர்கள். டிரம் உருட்டி உருட்டி உச்சத்துக்கு ஏற்றும் வேலையும் இதில் குறைவு. கிக் விலகிப் பியானோ தனியாக நிற்கும் இடம் வரும், பிறகு கிக் திரும்பும். வெடிக்காது, திரும்பும். இன்றைய பாட்டு எழுதுபவருக்கு அந்தக் கட்டுப்பாடு வராது.

பஞ்சாலைத் தெரு

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எட்டு சதவீதக் கணக்கைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தோழனிடமும் காட்டினேன், ‘சரி, லிஃப்ட் இல்லை, எஸ்கலேட்டர்’ என்று ஒப்புக்கொண்டான்.

சுருதிப்பெட்டி அண்ணா சொன்னபடி இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகள் மிச்சம். மெட்டு மெதுவாக இருந்தால் போதும் என்று நானும் ஒன்று செய்து பார்த்தேன். 138 வேகத்தில் கிக், மேலே நீண்ட பியானோ. அமைதியாக இல்லை, இரண்டு தனித்தனிப் பாட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுவதைப் போல இருக்கிறது. எங்கே தவறுகிறது? அடுத்தது, இந்த ஆல்பத்தில் ‘சில்ட்ரன்’, ‘ஃபேபிள்’ தவிர எதைக் கேட்க வேண்டும், மைல்ஸ் இதற்குப் பிறகு என்ன செய்தார்?

சுருதிப்பெட்டி

கேட்காமல் சொல்வது ஜோசியம், ஆனாலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நடுவில் ஆள் இல்லை. கிக்குக்கும் பியானோவுக்கும் இடையே இரண்டையும் பேசவைக்க ஒரு அடுக்கு வேண்டும். அடிக்கு அடி நடுவில் ‘ட்ஸ்’ என்று விழும் ஹை-ஹாட் தட்டு, அதே இடைவெளியில் துடிக்கும் பாஸ், பிறகு பியானோவின் எதிரொலி. எதிரொலியின் நேரத்தைப் பாட்டின் அடியோடு பூட்டிவிடுங்கள். அப்போது பியானோ ஒரு முறை தட்டினாலும் அதன் எச்சம் கிக்கின் தாளத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். மெட்டு மெதுவாக நடந்தாலும் அதன் நிழல் வேகமாக ஓடும். இரண்டும் ஒட்டிக்கொள்வது அங்கேதான்.

இன்னொன்று, உங்கள் கிக் அநேகமாக இன்றைய கிக். முன்னால் வந்து முகத்தில் அறையும். மேல் அதிர்வெண்களைச் சற்று வெட்டி, அதைப் பின்னால் நிறுத்துங்கள்.  ‘சில்ட்ரன்’-இல் கிக் பாட்டைச் சுமக்கிறது, பாட்டோடு சண்டை போடவில்லை.

ஆல்பம் பற்றியும் மனிதரைப் பற்றியும் அண்ணாவே சொல்லட்டும்.

அத்ரியாத்திக் கரை

‘இன் த டோன்’ கேளுங்கள் தம்பி. பெயரே விடியற்காலை. எட்டாவதாக வருகிறது. அதைத் தொடர்ந்துதான் ‘சில்ட்ரன்’ இரண்டாம் முறை. இரண்டையும் நிறுத்தாமல் கேட்டால் ஆல்பத்தின் வரிசையை யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று புரியும். கடைசியில் ‘ரெட் ஸோன்’ என்று ஒன்று வரும். அது கிளப்புக்குள் இருந்து தப்பி வந்தது போல முரட்டுத்தனமாக இருக்கும். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எதற்கு மறுபடியும் கதவைத் திறந்தார் என்று எனக்கு இன்றுவரை கோபம். நான் ஒன்பதோடு நிறுத்திவிடுவேன். ‘ஃபேபிள்’ இரண்டில் எனக்கு ஏழாவதுதான் பிடிக்கும். ‘லேண்ட்ஸ்கேப்’, ‘பிரின்சஸ் ஆஃப் லைட்’ இரண்டும் ஸ்பீக்கர் பிரியன் ஐயா சொன்ன நிழல்கள்தான், அதில் அவரோடு சண்டை இல்லை.

பழைய இறுவட்டு தேடுவதாக இருந்தால் கவனம். அதே வருடக் கடைசியில் ‘விண்டர் எடிஷன்’ என்று இன்னொரு பதிப்பு வந்தது, அதில் மரியா நெய்லர் பாடிய ‘ஒன் அண்ட் ஒன்’ சேர்ந்திருக்கும். அமெரிக்கப் பதிப்பிலும் அது உண்டு. நல்ல பாட்டு, வானொலியில் ஓடு ஓடு என்று ஓடியது. ஆனால் அது பாடகியின் பாட்டு. இந்த ஆல்பத்தின் வீட்டில் அது விருந்தாளி.

ஆளைப் பற்றி. உண்மைப் பெயர் றொபேர்ட்டோ கொன்சினா. 1969-இல் பிறந்தது இங்கே சுவிஸில், நொய்சாத்தல் மாநிலத்தின் ஃப்ளூரியே என்ற சிற்றூரில், இத்தாலியப் பெற்றோருக்கு. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் அவரைச் சொந்தம் கொண்டாடுவார்கள், இத்தாலியர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். புகழ் வருவதற்கு முன் சேமிப்பை எல்லாம் கொட்டிச் சொந்தமாக ஒரு ஒலிப்பதிவு அறையும், உரிமம் இல்லாத வானொலி ஒன்றும் நடத்தினார். 1997-இல் பிரிட் விருது, சிறந்த சர்வதேசப் புதுமுகம். அதே வருடம் ‘23ஏஎம்’ என்ற இரண்டாவது ஆல்பம். எல்லோரும் இன்னொரு ‘சில்ட்ரன்’ கேட்டார்கள், அவர் தரவில்லை. பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, சொந்த வெளியீடாக 2001-இல் ‘ஆர்கானிக்’ கொண்டுவந்தார். 2004-இல் மும்பையில் பிறந்த தாளக் கலைஞர் திரிலோக் குர்ட்டுவோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பம் செய்தார். உங்களுக்கு அதைத்தான் அடுத்ததாகச் சொல்வேன். ‘ட்ரீம்லேண்ட்’ செய்தவரா இவர் என்று கேட்பீர்கள். அடி நேராகவே போகாது, தபேலா ஒரு பக்கம் இழுக்கும், இவர் இன்னொரு பக்கம் போவார். பியானோ மெட்டை நம்பி வாங்கியவர்கள் திரும்பக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். பின்னாளில் ஸ்பெயினின் இபிசா தீவில் ‘ஓப்பன்லேப்’ என்ற வானொலியைத் தொடங்கினார். 2017 மே மாதம் அங்கேயே புற்றுநோயால் இறந்தார். வயது 47.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இப்போது இளைஞர்கள் ‘சில்ட்ரன்’ பியானோவை எடுத்து, நடுவில் கிக்கை நிறுத்தி, டிரம்மை உருட்டி, உச்சத்தில் போட்டு உடைக்கிறார்கள். இணையத்தில் அந்த மாதிரி மறுஆக்கங்கள் நிறையக் கிடக்கின்றன. ஆட நன்றாக இருக்கும். ஆனால் அந்த மெட்டு எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நேர் எதிரான வேலையை வாங்குகிறார்கள்.

சுருதிப்பெட்டி சொன்னபடி கிக்கைப் பின்னால் தள்ளிவிட்டு உங்கள் பாட்டை இங்கே ஏற்றுங்கள். சனி இரவு வேலை முடிந்து வந்து கேட்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுவேன், கோபிக்கக் கூடாது.